வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி வாங்குபவர்களும் பழுது பார்க்கக் கொண்டுவருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். விண்டோஸ் ஓடும் வீட்டுக் கணினிகளுக்கு மட்டுமே இந்தப் பதில்கள் பொருந்தும். அலுவலகக் கணினி என்றால் அங்குள்ள ஐடி பிரிவு சொல்வதைக் கேளுங்கள்.

புது லேப்டாப் வாங்கியிருக்கேன். ஆன்டிவைரஸ் தனியா வாங்கணுமா?

விண்டோஸ் 11 என்றால் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் அதனுடனேயே வருகிறது. முதல் நாளிலிருந்தே இயங்கும், விண்டோஸ் அப்டேட் வழியாகத் தினமும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், சந்தா எதுவும் கிடையாது.

விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் கணினியோடு முழுமையான ஆன்டிவைரஸ் வரவில்லை. கடைக்காரர் கையோடு ஒரு சிடி போட்டுக் கொடுத்ததற்கு அன்று காரணம் இருந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸ் ஆகிவிட்டது. பழைய பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

சும்மா கூட வர்றது காசு கொடுத்து வாங்குறது மாதிரி நல்லா இருக்குமா?

இதைச் சோதிப்பதற்கென்றே தனி ஆய்வகங்கள் உள்ளன. ஜெர்மனியின் மக்டபுர்க்கில் இருக்கும் ஏவி-டெஸ்ட், பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என மூன்று தலைப்புகளில் தலைப்புக்கு 6 வீதம் 18 மதிப்பெண் போடுகிறது. டிஃபெண்டர் பல ஆண்டுகளாக அங்கே முன்வரிசையில்தான் நிற்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இன்னும் விரிவான அட்டவணைகளை வெளியிடுகிறது. இரண்டின் முடிவுகளையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். "டாப் 10 ஆன்டிவைரஸ்" பட்டியல்களை நம்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை, இணைப்பைச் சொடுக்கி நீங்கள் வாங்கினால் கமிஷன் பெறுபவை.

முடிவுகளைப் படிக்கும்போது 99.7க்கும் 99.9க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த சோதனையில் இடம் மாறிவிடும். நல்ல கோப்பைத் தவறாக வைரஸ் என்று எத்தனை முறை பிடித்தது, கணினியை எவ்வளவு மந்தமாக்கியது என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

டிஃபெண்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. சந்தேகமான கோப்பைப் பற்றி மைக்ரோசாஃப்டின் சர்வரிடம் கேட்டு முடிவெடுக்கும் முறையை அது பெரிதும் நம்பியிருக்கிறது. இணையம் இல்லாதபோது அதன் கண்டறியும் திறன் குறைகிறது. மாதத்தில் பாதி நாள் நெட் இல்லாமல், பென்டிரைவ் வழியாகவே கோப்புகள் வந்துபோகும் கணினி என்றால் இது முக்கியம். ஏவி-கம்பேரட்டிவ்ஸ் அட்டவணையில் இணையம் இல்லாதபோது கண்டறிந்த சதவீதம் தனியாக இருக்கும். அதில் உயரத்தில் இருக்கும் மென்பொருளை அப்படிப்பட்ட கணினிக்குத் தேர்ந்தெடுக்கலாம்.

டிஃபெண்டர்ல நான் எதையாவது ஆன் பண்ணணுமா, அப்படியே விட்டுடலாமா?

அப்படியே விட்டாலும் வேலை செய்யும். ஆனால் பத்து நிமிடம் செலவழித்தால் பாதுகாப்பு நன்றாகவே கூடும். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, முதலில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' பகுதியின் 'மேனேஜ் செட்டிங்ஸ்' உள்ளே போங்கள். ரியல் டைம் புரொடெக்ஷன், கிளவுட் புரொடெக்ஷன், டேம்பர் புரொடெக்ஷன் மூன்றும் ஆன் ஆக இருக்க வேண்டும். கணினிக்குள் நுழைந்த தீய மென்பொருள் முதலில் செய்யப் பார்ப்பது ஆன்டிவைரஸை நிறுத்துவதைத்தான். டேம்பர் புரொடெக்ஷன் அதைத் தடுக்கிறது.

அடுத்து 'ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல்', அதற்குள் 'ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்'. அங்கே 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' என்பதில் இரண்டு கட்டங்களிலும் டிக் இருக்கட்டும். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், போலி 'கிளீனர்', விளம்பரம் காட்டும் செயலி போன்றவை இங்கேதான் மாட்டும். வீட்டுக் கணினிகளைப் பாழாக்குபவை பெரும்பாலும் இவைதான்.

மூன்றாவது, 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' பகுதியில் இருக்கும் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'. ரான்சம்வேர் என்பது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். இது முதலில் ஆஃப் ஆகத்தான் இருக்கும். ஆன் செய்தால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக் போன்ற ஃபோல்டர்களில் அறிமுகமில்லாத எந்தச் செயலியும் எழுத முடியாது. உங்கள் படங்கள் டி டிரைவில் இருந்தால் அந்த ஃபோல்டரை நீங்களே சேர்க்க வேண்டும். முதல் வாரத்தில் நல்ல செயலிகள் சிலவும் தடுக்கப்படும். டேலி போன்ற கணக்கு மென்பொருளோ பழைய போட்டோ எடிட்டரோ சேமிக்க முடியவில்லை என்று சொன்னால், அதே பக்கத்தில் 'அலௌ அன் ஆப்' வழியாக அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். தொல்லை என்று முழுவதையும் அணைத்துவிடாதீர்கள்.

லேப்டாப்போடயே ஒரு ஆன்டிவைரஸ் வந்துச்சு. இப்ப 'முடிஞ்சுபோச்சு, பணம் கட்டு'ன்னு தினமும் வருது. என்ன செய்ய?

அது தயாரிப்பாளர் ஏற்றிக் கொடுத்த சோதனைப் பதிப்பு. அது இயங்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கியே இருக்கும். காலாவதியானதை அப்படியே வைத்திருப்பதுதான் மிக மோசமான நிலை. புது வைரஸ் விவரங்கள் அதற்கு வராது, ஆனால் 'ஏதோ ஒன்று இருக்கிறது' என்ற நம்பிக்கை மட்டும் உங்களுக்கு இருக்கும்.

செட்டிங்ஸ், ஆப்ஸ் வழியாக அதை நீக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்திருக்கும். வரவில்லை என்றால் பழையதன் மிச்சங்கள் உள்ளே இருக்கின்றன என்று பொருள். பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை முழுமையாக நீக்க 'ரிமூவல் டூல்' ஒன்றைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. அதை இறக்கி ஒருமுறை ஓட்டுங்கள்.

ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா டபுள் பாதுகாப்பு தானே?

இல்லை. ஒவ்வொரு ஆன்டிவைரஸும் கோப்பு திறக்கப்படும் கணத்தில் குறுக்கே புகுந்து சோதிக்கிறது. இரண்டு இருந்தால் ஒன்று திறந்து சோதிப்பதை மற்றது பிடித்துச் சோதிக்கும். ஒன்று பூட்டிவைத்த கோப்பை மற்றது நீக்க முயலும். கணினி மந்தமாவதில் தொடங்கி நீலத்திரை வரை போகும்.

டிஃபெண்டர் மட்டும் விதிவிலக்கு. வேறொன்றைப் போட்டதும் தானே விலகிக்கொள்கிறது. எப்போதாவது இரண்டாவது கருத்து வேண்டுமென்றால், பின்னணியில் ஓடாமல் கூப்பிட்டால் மட்டும் வரும் ஸ்கேனரைப் பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர், மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும்.

என்கிட்ட பழைய விண்டோஸ் 7 தான் இருக்கு. நல்ல ஆன்டிவைரஸா போட்டா போதுமா?

போதாது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைக்கப்படாமலே இருக்கின்றன. குரோம் உலாவியும் 2023இன் தொடக்கத்தில் விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. ஆன்டிவைரஸ் கோப்புகளைப் பார்க்கும். இயங்குதளத்தின் ஓட்டையை அடைக்க அதனால் முடியாது.

2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற ரான்சம்வேரை நினைத்துப் பாருங்கள். அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. எதையும் சொடுக்காதவர்களின் கணினிகளிலும் அது நெட்வொர்க் வழியாக நுழைந்தது. அப்டேட் செய்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்கள் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம். டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்கள் விண்டோஸ் 10க்கு 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதைப் பார்த்து இயங்குதளமும் அதுவரை பத்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாத பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் உலாவுதல், மின்னஞ்சல், எழுத்து வேலைகளுக்கு இன்னும் பல ஆண்டு ஓடும்.

அப்போ காசு கொடுத்து யார்தான் வாங்கணும்?

சிலருக்கு நியாயமான காரணம் உண்டு. வீட்டில் ஐந்தாறு கணினிகளும் போன்களும் இருந்து எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க நினைப்பவர்கள். சிக்கல் வந்தால் போனில் ஒருவரிடம் பேசித் தீர்க்க வேண்டும் என்ற நிலையில் இருக்கும் பெரியவர்கள். முன்பு சொன்னதுபோல் இணையம் இல்லாமல் ஓடும் கணினிகள். சென்னையைச் சேர்ந்த கே7, புனேயைச் சேர்ந்த குவிக் ஹீல் ஆகிய இந்திய நிறுவனங்களின் மென்பொருள்கள் இங்கே எளிதில் கிடைக்கும். பிட்டிஃபெண்டர், ஈசெட் இரண்டும் ஆய்வகச் சோதனைகளில் நெடுங்காலமாக நல்ல பெயர் எடுத்தவை.

வாங்குவதற்கு முன் சோதனைப் பதிப்பை உங்கள் கணினியிலேயே இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். வேகத்தைப் பற்றி ஆய்வகம் சொல்வதைவிட உங்கள் கணினி சொல்வது நம்பகமானது.

ஆன்டிவைரஸ், இன்டர்நெட் செக்யூரிட்டி, டோட்டல் செக்யூரிட்டி… எதை எடுக்கிறது?

ஒரே நிறுவனத்தின் மூன்று பெட்டிகளிலும் வைரஸ் பிடிக்கும் எஞ்சின் பொதுவாக ஒன்றேதான். விலை ஏற ஏற ஃபயர்வால், விபிஎன் (இணைய இணைப்பை மறைக்கும் வசதி), பாஸ்வேர்டு மேனேஜர், டியூன்-அப் (கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் கருவி), பெற்றோர் கட்டுப்பாடு என்று சேர்ப்பார்கள். ஃபயர்வாலும் பெற்றோர் கட்டுப்பாடும் விண்டோஸிலேயே உள்ளன. பாஸ்வேர்டு மேனேஜருக்கு பிட்வார்டன் இலவசமாகவே கிடைக்கிறது. டியூன்-அப் தேவையே இல்லை. வாங்குவதென்று முடிவானால் அடிப்படைப் பதிப்பே போதும்.

ஃப்ரீ ஆன்டிவைரஸ் போட்டா என் தகவலை எடுத்து வித்துடுவாங்களாமே?

அது வெறும் வதந்தி இல்லை. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. செய்தி வெளியானதும் 2020இல் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அவாஸ்ட்டுக்கு 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டும்படி உத்தரவிட்டது.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். ஒன்றை வெறுத்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் பலர் அதே வீட்டுக்குள்தான் அறை மாறுகிறார்கள். எதை நிறுவினாலும் தனியுரிமை அமைப்புகளைத் திறந்து, மூன்றாம் தரப்புடன் தகவல் பகிரும் கட்டங்களில் டிக்கை எடுத்துவிடுங்கள். அதோடு வரும் பிரௌசர் எக்ஸ்டென்ஷனையும் நீக்கிவிடலாம். நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதி அதற்கு இருக்கும்.

கேஸ்பர்ஸ்கியை அமெரிக்காவுல தடை பண்ணிட்டாங்களே, நாம போடலாமா?

அமெரிக்க வணிகத் துறை 2024 ஜூனில் தடையை அறிவித்தது. செப்டம்பர் 29க்குப் பிறகு அங்கே அப்டேட் கொடுக்கவும் அனுமதி இல்லை. ரஷ்ய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். வைரஸ் பிடிக்கும் திறனில் குறை சொல்லப்படவில்லை. வீட்டுப் பயனருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: ஆன்டிவைரஸ் கணினியின் எல்லாக் கோப்புகளையும் தொடும் உரிமை பெற்றது. தயாரிப்பவர் மீது உங்களுக்குத் தயக்கம் இருந்தால், அது எந்த நாடாக இருந்தாலும், போட வேண்டாம். வேறு நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன.

கடையில கிடைக்கிற கார்டு வாங்கலாமா, ஆன்லைன்ல வாங்கலாமா?

இரண்டும் சரிதான். கார்டு என்றால் சாவி எண்ணை மறைக்கும் பகுதி சுரண்டப்படாமல் இருக்க வேண்டும். கடைக்காரரின் மின்னஞ்சலில் பதியாமல் உங்கள் மின்னஞ்சலில் நீங்களே பதியுங்கள். மூன்று கணினிக்கான ஒரு சாவியை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பவர்களிடம் வாங்கினால், புதுப்பிக்கும்போதும் விண்டோஸை மறுபடி நிறுவும்போதும் தொல்லைதான். ஓராண்டுக் கணக்கு பொதுவாக நீங்கள் சாவியைப் பதியும் நாளில்தான் தொடங்கும். தள்ளுபடியில் முன்கூட்டியே வாங்கி வைத்தாலும் நட்டமில்லை.

நிறுவனத் தளத்தில் வாங்கினால் முதல் ஆண்டு விலை குறைவாகவும் இரண்டாம் ஆண்டு முழு விலையாகவும் இருக்கும். 'ஆட்டோ ரினியூவல்' தானாகவே ஆன் ஆகியிருக்கும். வாங்கிய அன்றே அதை அணைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்த உடனேயே ரத்து செய்ய வழி இருக்கும்.

ஆன்டிவைரஸ் போட்டதுல இருந்து சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. என்ன பண்றது?

புதிதாக நிறுவியதும் முதல் முழு ஸ்கேன் முடியும்வரை மந்தமாகத்தான் இருக்கும். இரவில் ஆன் செய்து விட்டுவிடுங்கள். அதன்பிறகும் நீடித்தால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பத்தியைப் பாருங்கள். அது 100 சதவீதத்தில் நின்றால் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். அதை எஸ்எஸ்டியாக மாற்றினால் வரும் முன்னேற்றம் எந்த ஆன்டிவைரஸை மாற்றினாலும் வராது. ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள்.

டிஃபெண்டர் தானாகச் செய்யும் ஸ்கேன் நீங்கள் வேலை செய்யும் நேரத்தில் வருகிறதென்றால், 'டாஸ்க் ஷெட்யூலர்' திறந்து மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று வரிசையாக உள்ளே போய் 'ஷெட்யூல்டு ஸ்கேன்' நேரத்தை மாற்றுங்கள். வேகத்துக்காக சி டிரைவையோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ விலக்குப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வைரஸ் வந்து இறங்கும் இடமே அதுதான்.

ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் கொண்டுபோய்ட்டு வந்தா எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுது. ஃபைல் போயிடுச்சா?

பெரும்பாலும் போகவில்லை. வைரஸ் உங்கள் கோப்புகளை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அதைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உங்கள் கோப்பு திறக்கும். அதனால்தான் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை.

எதையும் சொடுக்காமல் டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, 'ஹைடு புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கையும் எடுங்கள். கோப்புகள் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள்கூட இருக்கலாம். படங்கள், பிடிஎஃப், வேர்டு கோப்புகளை மட்டும் கணினிக்கு எடுத்துக்கொண்டு டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். ஷார்ட்கட்டையோ ஸ்கிரிப்ட் கோப்பையோ எடுக்காதீர்கள். முடிந்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

உங்கள் கணினியில் வேறொரு சுத்தமான பென்டிரைவைச் செருகியதும் அதுவும் ஷார்ட்கட்டாக மாறினால், வைரஸ் உங்கள் கணினியிலும் இருக்கிறது. கீழே ஸ்கேனில் போகாத வைரஸ் பற்றிய பதிலைப் பாருங்கள். அச்செடுக்க மட்டும் என்று ஒரு சிறிய பென்டிரைவை ஒதுக்கி, வீட்டுக்கு வந்ததும் ஃபார்மேட் செய்வது நல்ல பழக்கம்.

நல்ல சாஃப்ட்வேரைக்கூட வைரஸ்னு சொல்லுது. நம்பலாமா?

தவறாகப் பிடிப்பது உண்டு. விசை அழுத்தங்களைப் பிடித்து எழுத்தாக மாற்றும் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள், ஆட்டோஹாட்கீயில் செய்த சிறு கருவிகள் போன்றவை இதில் அடிக்கடி மாட்டும். கடவுச்சொல் திருடும் கீலாகரும் விசை அழுத்தங்களைத்தான் பிடிக்கிறது என்பதால் ஆன்டிவைரஸுக்குப் பிரித்தறிவது கடினம்.

கோப்பை அதன் மூலத் தளத்திலிருந்து மறுபடி இறக்கி, வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். எழுபதுக்கு மேற்பட்ட எஞ்சின்கள் சோதிக்கும். பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. பெரிய நிறுவனங்கள் பலவும் ஒரே வைரஸ் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் விட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அங்கே ஏற்றும் கோப்பை மற்ற ஆய்வாளர்களும் பார்க்க முடியும். ஆதார் நகல், வங்கி அறிக்கை போன்றவற்றை ஏற்றவே கூடாது.

கிராக் போடும்போது ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்றாங்களே, கொஞ்ச நேரம்தானே?

அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுக்கு வேண்டும். முன் கேள்வியில் சொன்ன தவறான எச்சரிக்கை இங்கே பொருந்தாது. காசு கட்டாமல் மென்பொருளை ஓட்டவைக்கும் இந்தக் கோப்புகளைப் பரப்புபவர் யாரென்று தெரியாது, நீங்கள் அட்மின் அனுமதியோடு ஓட்டுகிறீர்கள், பாதுகாப்பையும் நீங்களே அணைக்கிறீர்கள். தனிநபர்களைக் குறிவைத்த ஸ்டாப் (STOP) என்ற ரான்சம்வேர் குடும்பம் முக்கியமாகப் பரவியதே கிராக், கீஜென் வழியாகத்தான். ஆஃபீஸுக்கு லிப்ரேஆஃபீஸ், போட்டோஷாப்புக்கு ஜிம்ப் அல்லது கிரிட்டா என்று இலவச வழிகள் இருக்கின்றன.

'உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ் இருக்கு'ன்னு மூலையில வந்துட்டே இருக்கு. ஸ்கேன் பண்ணா ஒண்ணும் இல்லை.

அது வைரஸ் இல்லை, ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். முழுத்திரையில் போன் நம்பரோடு வந்தால் ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தி மூடுங்கள். அந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியைப் போடச் சொல்லி வங்கிக் கணக்கைக் காலி செய்வார்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நடுவழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

என் ஆன்டிவைரஸ் நிஜமாவே வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்கிறது?

இதற்கென்றே ஐக்கார் சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட, தீங்கே இல்லாத கோப்பு. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகவே பிடிக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐக்கார் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள், சேமிக்கும்போதே பிடிபட வேண்டும். இதனால் தெரிவது காவல் விழித்திருக்கிறது என்பது மட்டுமே. எவ்வளவு திறமையானது என்பதற்கு ஆய்வக முடிவுகள்தான்.

வைரஸ் வந்துடுச்சு. ஸ்கேன் பண்ணி டிலீட் பண்ணாலும் திரும்ப வருது.

நெட்டைத் துண்டிக்கும் முன் டிஃபெண்டரை அப்டேட் செய்துகொள்ளுங்கள். பிறகு 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சுமார் 15 நிமிடம் சோதிக்கும். வைரஸ் இயங்கத் தொடங்காததால் ஒளிந்துகொள்ள முடியாது. அதன்பின் சேஃப்டி ஸ்கேனரை ஒருமுறை ஓட்டுங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் இலவசச் சுத்திகரிப்புக் கருவிகள் தருகிறது.

அதற்கும் மசியவில்லை என்றால் ஆவணங்களை மட்டும் எடுத்துவைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். இரண்டு மணி நேர வேலை, ஆனால் சந்தேகத்தோடு ஆறு மாதம் ஓட்டுவதைவிட மேல்.

சுத்தம் செய்ததோடு நிறுத்தாதீர்கள். இன்றைய வைரஸ்கள் பலவும் பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களையும், நீங்கள் உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கிகளையும் சில நிமிடங்களில் அனுப்பிவிடுகின்றன. வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி என்ற வரிசையில் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும்படி கொடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் திருடிய குக்கி சில தளங்களில் தொடர்ந்து செல்லுபடியாகும்.

எல்லா போட்டோவும் திறக்கல, பேருக்குப் பின்னாடி என்னவோ ஒட்டியிருக்கு, பணம் கேட்டு ஒரு நோட்டு இருக்கு. ஆன்டிவைரஸ் திருப்பித் தருமா?

தராது. ஆன்டிவைரஸால் ரான்சம்வேரை நீக்க முடியும், பூட்டிய கோப்பைத் திறக்க முடியாது. முதலில் நெட்டைத் துண்டித்து, செருகியிருக்கும் ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றுங்கள். மிரட்டல் குறிப்பை அழிக்காதீர்கள். வேறொரு கணினியிலிருந்து நோ மோர் ரான்சம் தளத்துக்குப் போய், அந்தக் குறிப்பையும் சிறிய பூட்டிய கோப்பு ஒன்றையும் ஏற்றினால் எந்தக் குடும்பம், சாவி கிடைக்கிறதா என்று சொல்லும். யூரோப்போலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கிய இலவசச் சேவை அது. இன்று சாவி இல்லையென்றாலும் பூட்டிய கோப்புகளைத் தனி டிஸ்கில் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் குற்றவாளிகள் பிடிபட்டுச் சாவிகள் வெளியான குடும்பங்கள் உண்டு.

பணம் கட்டினால் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. குழந்தைகளின் படங்களும் சொத்துப் பத்திர நகல்களும் ஒரே கணினியில் மட்டும் இருந்தால், ஆன்டிவைரஸுக்குச் செலவிட நினைத்த தொகையில் முதலில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒருமுறை நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.